திரும்பி வந்த ரவுட்டர் விழுங்கிய பாக்கெட்டுகள்: ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இரண்டும் சேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ரவுட்டர் விழும்போது சில பாக்கெட்டுகள் தொலையும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். இரண்டாவது லிங்க், இரண்டாவது கோர், பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று நொடிக்குப் பல முறை பார்க்கும் நெறிமுறை), குறுக்கிய டைமர்கள் என்று நாம் போட்டுவைக்கும் காப்பெல்லாம் அந்த ஒரு கணத்துக்காகத்தான். இந்த நிகழ்வில் ரவுட்டர் விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. ட்ராஃபிக் சத்தமில்லாமல் மறுபக்கம் திரும்பியது. ரவுட்டர் எழுந்து வந்து, எல்லா நெய்பரும் (பக்கத்து ரவுட்டர்களும்) ஃபுல், அதாவது தரவு முழுக்க ஒத்துப்போனது, என்று காட்டிய பிறகுதான் வாடிக்கையாளர்களுக்கு இணையம் நின்றது. சில நிமிடங்கள் கழித்து, யாரும் கைவைக்காமலே சரியும் ஆனது. தானாகச் சரியாகிவிடும் பழுதுதான் எனக்குப் பிடிக்காத பழுது. காரணம் தெரிவதற்குள் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். இங்கேயும் முதல் முறை அப்படித்தான் மூடினார்கள்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ரவுட்டர்களின் பெயரும் ஐபி முகவரிகளும் மாற்றப்பட்டவை. கட்டளைகளைச் சிஸ்கோ ஐஓஎஸ் பாணியில் சொல்கிறேன். ஜூனோஸ், எஃப்ஆர்ஆர் என்ற வேறு ரவுட்டர் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கான குறிப்பு ஆங்காங்கே வரும்.

வலையமைப்பின் அமைப்பு

மையத்தில் கோர்-1, கோர்-2 என்று இரண்டு ரவுட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அப்ஸ்ட்ரீம் (இணையத்தோடு இணைக்கும் மேல்நிலை நிறுவனம்). இரண்டுமே முழு பிஜிபி டேபிளை, அதாவது நிறுவனங்களுக்கு இடையே வழிகளைப் பரிமாறும் பிஜிபி நெறிமுறை தரும் மொத்த இணைய வழிப்பட்டியலை, வாங்குகின்றன. ஐபிவி4 மட்டுமே ஒன்பது இலட்சம் முன்னொட்டுகளுக்கு (முகவரித் தொகுதிகளுக்கு) மேல். கோர்களுக்கு நடுவே நேரடி 10 ஜி லிங்க். உள்ளே ஓஎஸ்பிஎஃப் (ஒரு வலையமைப்புக்குள் குறைந்த காஸ்ட் வழியைக் கணக்கிடும் நெறிமுறை), ஒரே ஏரியா 0. ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை (இதை லிங்கின் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட்) 100 ஜிபிபிஎஸ் என்று உயர்த்தி வைத்திருந்ததால் 10 ஜி லிங்குக்குக் காஸ்ட் 10, 1 ஜி லிங்குக்கு 100. இந்தக் காஸ்ட் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும்.

கோர்களுக்குக் கீழே இரண்டு வகை ரவுட்டர்கள் இருந்தன. முதல் வகை அக்ரிகேஷன் ரவுட்டர்கள்: அக்-1 கோர்-1இலும், அக்-2 கோர்-2இலும் 10 ஜி லிங்கில் தொங்குகின்றன; அக்-1க்கும் அக்-2க்கும் நடுவே ஒரு பழைய 1 ஜி லிங்க். இவற்றுக்கு இரண்டு கோர்களோடும் ஐபிஜிபி (ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் பிஜிபி) உண்டு, முழு டேபிளும் உண்டு. லூப்பேக் (எந்த லிங்கையும் சாராத, ரவுட்டரின் சொந்த) முகவரிகளுக்கு இடையே செஷன், கோர்களில் நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப், அதாவது வெளி வழிகளுக்கு அடுத்த ஹாப்பாகக் கோர் தன்னையே சொல்லும். இரண்டாவது வகை எட்ஜ் ரவுட்டர்கள். சின்னப் பெட்டிகள், முழு டேபிளைத் தாங்கும் நினைவகம் கிடையாது. பிஜிபியே இல்லாமல், ஓஎஸ்பிஎஃபில் வரும் டிஃபால்ட் வழியை (வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான பொது வழியை) மட்டும் நம்பி ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோர்களுக்கும் லிங்க் உண்டு. எட்ஜ்-1க்குக் கோர்-1 பக்கம் காஸ்ட் 10, கோர்-2 பக்கம் 20. எட்ஜ்-2க்கு நேர்மாறு.

அந்த டிஃபால்ட் வழியை இரண்டு கோர்களும் ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட் ஆல்வேஸ்’ என்ற வரியால் பரப்பின; ‘ஆல்வேஸ்’ என்றால் தன்னிடம் டிஃபால்ட் இருக்கிறதா என்று பாராமல் அறிவிப்பது. மெட்ரிக் 10, டைப் 1 (அறிவித்த ரவுட்டர்வரையிலான காஸ்டும் கூடும் வகை). கோர்களோ டிஃபால்ட் இல்லாத ரவுட்டர்கள்: ஒன்று பரப்பும் 0.0.0.0/0 மற்றதன் டேபிளில் ஏறாதபடி வடிகட்டி இருந்தது. முழு டேபிள் வைத்திருக்கும் ரவுட்டருக்கு டிஃபால்ட் எதற்கு என்ற நல்ல காரணத்தால் அப்படி. எம்பிஎல்எஸ் (லேபிள் பார்த்துப் பாக்கெட்டை அனுப்பும் முறை) இல்லை. அதாவது பாக்கெட் போகும் ஒவ்வொரு ரவுட்டரும் சேருமிட முகவரியைத் தன் டேபிளில் புதிதாகத் தேடியாக வேண்டும்.

ஓஎஸ்பிஎஃபை வேகப்படுத்த நிறைய உழைத்திருந்தார்கள். எல்லா லிங்கும் பாயிண்ட்-டு-பாயிண்ட் வகை. டிஆர் (பொது லிங்கில் பிரதிநிதியாகும் ரவுட்டர்) தேர்தலுக்காக 40 விநாடி காத்திருக்க வேண்டியதில்லை. பிஎஃப்டி 300 மில்லிவிநாடி, மூன்று தவறினால் லிங்க் போனதாகக் கணக்கு. எஸ்பிஎஃப் (மிகக் குறுகிய வழி) கணக்கீட்டின் தொடக்கத் தாமதம் 50 மில்லிவிநாடி. பார்த்தாலே மதிப்பு வரும் கான்ஃபிகரேஷன். பிஜிபி பக்கம் மட்டும் எல்லாம் பெட்டியோடு வந்த அமைப்புதான்.

முதல் இரவு

கோர்-1இன் மென்பொருளை மாற்ற நள்ளிரவுக்குப் பிறகு ரீலோட் செய்தார்கள். பெட்டி அணைந்ததும் அக்-1 தன் ட்ராஃபிக்கை 1 ஜி லிங்க் வழியாக அக்-2க்கும், அங்கிருந்து கோர்-2க்கும் அனுப்பியது. எட்ஜ்-1 கோர்-2 பக்கம் திரும்பியது. புகார் எதுவும் இல்லை. பெட்டி பூட் ஆகி வந்தது. ஓஎஸ்பிஎஃப் நெய்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஃபுல் ஆனார்கள். அதன்பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. காரணம் எளிது: அந்தத் திரை ரவுட்டர்களின் லூப்பேக்கைத்தான் பிங் செய்துகொண்டிருந்தது. லூப்பேக் முகவரிகள் ஓஎஸ்பிஎஃபில் இருப்பவை. ஓஎஸ்பிஎஃபில் கோளாறே இல்லை. கண்காணிப்பு சர்வரிலிருந்து வெளியே பிங் போட்டாலும் போனது, ஏனென்றால் அந்த சர்வர் கோர்-2 பக்கம் இருந்தது. ஆகவே சந்தேகம் முதலில் டிஎன்எஸ் மீதும், பிறகு அப்ஸ்ட்ரீம் மீதும், கடைசியாகப் புதிய மென்பொருள் மீதும் போனது. மென்பொருளைப் பழையபடி திருப்பிவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சரியானது. ‘மேம்படுத்தலுக்குப் பின் நிலைகொள்ள எடுத்த நேரம்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். நிலைகொள்வது என்றால் எது நிலைகொண்டது, எங்கே என்று அந்த வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

பிறகு கோர்-2க்கு அதே மென்பொருள். அதே காட்சி, இந்த முறை எட்ஜ்-2 பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு. ஆனால் இந்த முறை ஒருவர் எட்ஜ்-2க்குள் நுழைந்து, பழுது நடந்துகொண்டிருக்கும்போதே மூன்று வெளியீடுகளை எடுத்து வைத்தார். இந்த ஆய்வு எழுத முடிந்ததே அந்த மூன்றால்தான்.

முதலாவது, 203.0.113.10க்கு ஒரு ட்ரேஸ்ரூட். முதல் ஹாப்பில் கோர்-2இன் முகவரி 192.0.2.5, அதன் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் எச் எழுத்தும். அதாவது கோர்-2 நேராகவே ‘எனக்கு இந்த இடம் தெரியாது’ என்று பதில் அனுப்புகிறது. அடுத்த முயற்சிகளில் வெறும் நட்சத்திரங்கள். இந்த நட்சத்திரங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை: ஐஓஎஸ் இப்படிப்பட்ட ஐசிஎம்பி பதில்களை இயல்பாகவே 500 மில்லிவிநாடிக்கு ஒன்று என்று கட்டுப்படுத்துகிறது. மீதிப் பாக்கெட்டுகள் பேச்சுமூச்சில்லாமல் சாகின்றன.

இரண்டாவது, எட்ஜ்-2இன் ஓஎஸ்பிஎஃப் தரவுத்தளத்தில் டிஃபால்ட் வழிக்கான டைப்-5 எல்எஸ்ஏ (வெளி வழியை அறிவிக்கும் ஓஎஸ்பிஎஃப் பதிவு). அதில் விளம்பரப்படுத்தும் ரவுட்டர் என்ற இடத்தில் கோர்-2இன் ஐடி, மெட்ரிக் 10, வயது 41 விநாடி. மூன்றாவது, அதே நிமிடத்தில் கோர்-2இன் பிஜிபி சுருக்கம். அப்ஸ்ட்ரீம் செஷன் அப்போதுதான் எழுந்திருக்கிறது. வந்து சேர்ந்த முன்னொட்டுகள் சில ஆயிரங்கள். ஒன்பது இலட்சத்தில் சில ஆயிரங்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கமே தேவையில்லை. ‘உலகத்துக்கே வழி என்னிடம் இருக்கிறது’ என்று 41 விநாடிக்கு முன் அறிவித்த ரவுட்டரின் கையில் உலகம் இன்னும் வந்து சேரவில்லை. பெயர்ப்பலகையை மாட்டிவிட்டுச் சரக்கை இறக்காத கடை மாதிரி.

உள்ளே நடந்தது

ஓஎஸ்பிஎஃப் சுமக்க வேண்டியது சில நூறு வழிகள்தான். ஹலோ பரிமாற்றம், தரவுத்தளம் ஒத்துப்பார்ப்பது, ஃபுல் என எல்லாம் சில விநாடி வேலை. பிஜிபி அப்படியில்லை. முதலில் ஓஎஸ்பிஎஃப் எழுந்து லூப்பேக்குகள் தெரிந்தால்தான் ஐபிஜிபி செஷனே எழும். பிறகு டிசிபி இணைப்பு, பிறகு இலட்சக்கணக்கான அப்டேட்டுகள், பிறகு ஒவ்வொரு முன்னொட்டுக்கும் சிறந்த வழியைத் தேர்வது. ஐஓஎஸில் பூட் ஆனவுடன் பிஜிபி எல்லா நெய்பர்களிடமிருந்தும் கேட்டு முடிக்கும்வரை தேர்வைத் தள்ளிப்போடும். அந்தக் காத்திருப்பின் இயல்பு உச்சவரம்பே 120 விநாடி. அதற்குப் பிறகும் லைன் கார்டின் (பாக்கெட்டை அனுப்பும் அட்டையின்) வன்பொருள் டேபிளில் எழுதி முடிக்க வேண்டும். ஆக, ஓஎஸ்பிஎஃப் எழுந்ததற்கும் பிஜிபி முழுமையானதற்கும் நடுவே சில நிமிட இடைவெளி. அந்த இடைவெளியில் கோர் ரவுட்டரிடம் வருகிற பாக்கெட்டெல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஓஎஸ்பிஎஃபை எவ்வளவு வேகப்படுத்துகிறோமோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி நீளும் என்பது. டிஆர் தேர்தலின் 40 விநாடி இருந்திருந்தால் பழுது 40 விநாடி குறைந்திருக்கும். வேகம் தவறு என்று சொல்லவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு நெறிமுறைகளில் கீழே இருப்பதை மட்டும் முறுக்கினால் மேலே இருப்பது அம்பலப்படும்.

பிஎஃப்டி இதைப் பிடிக்காதா என்று கேட்டார்கள். பிடிக்காது. லிங்க் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி, அதற்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது.

பாதிப்பு இரண்டு தடத்தில் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் தீர்வு முதலில் பாதியில் நின்றதற்குக் காரணம். இனிமேல் இரண்டு தடத்தையும் கோர்-1 ரீலோட் ஆவதாக வைத்தே சொல்கிறேன்.

முதல் தடம் அக்-1. அதனிடம் முழு டேபிள் இருக்கிறது. கோர்-1 இல்லாதபோது எல்லா வழிக்கும் நெக்ஸ்ட்-ஹாப் கோர்-2இன் லூப்பேக். அந்த லூப்பேக்குக்கு அக்-2 வழியே போனால் 100 கூட்டல் 10, அதாவது 110. கோர்-1 எழுந்ததும் இன்னொரு வழி தெரிகிறது: கோர்-1 வழியே 10 கூட்டல் 10, வெறும் 20. அக்-1 உடனே மாறிக்கொள்கிறது. பாக்கெட் கோர்-2க்குப் போவதற்காகத்தான் கோர்-1க்குள் நுழைகிறது. ஆனால் கோர்-1 சேருமிட முகவரியைத் தன் காலி டேபிளில் தேடுகிறது, கிடைக்கவில்லை, எறிந்துவிடுகிறது.

இரண்டாவது தடம் எட்ஜ்-1. அதற்குப் பிஜிபி பற்றி எதுவும் தெரியாது. கோர்-1 சொல்லும் டிஃபால்ட் 10 கூட்டல் 10, இருபது. கோர்-2 சொல்வது 20 கூட்டல் 10, முப்பது. இருபதை எடுத்துக்கொள்கிறது.

முதல் தீர்வும் அதன் ஓட்டையும்

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஓஎஸ்பிஎஃப் ரவுட்டர் ஒன்று ‘என் வழியாக யாரும் போகாதீர்கள், ஆனால் நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் முறையை ஆர்எஃப்சி 3137 என்ற ஆவணம் 2001இலேயே எழுதிவைத்தது. 2013இல் ஆர்எஃப்சி 6987 அதன் இடத்துக்கு வந்தது. செய்வது இவ்வளவுதான்: ரவுட்டர் தன் ரவுட்டர்-எல்எஸ்ஏவில் மற்ற ரவுட்டர்களுக்குப் போகும் எல்லா லிங்குக்கும் காஸ்டை 65535 என்று போட்டுக்கொள்ளும். ஸ்டப் லிங்க் என்ற கணக்கில் வரும் லூப்பேக்கின் காஸ்டைத் தொடாது. அதனால் லூப்பேக் எட்டும், ஐபிஜிபி செஷன் எழும், ஆனால் ஊடாகப் போகும் ட்ராஃபிக் வேறு வழி தேடிக்கொள்ளும். ஐஓஎஸில் இதற்கு வரி ‘மேக்ஸ்-மெட்ரிக் ரவுட்டர்-எல்எஸ்ஏ ஆன்-ஸ்டார்ட்டப் வெயிட்-ஃபார்-பிஜிபி’. பூட் ஆனவுடன் தானாக இந்த நிலைக்குப் போகும், பிஜிபி கேட்டு முடித்ததாகச் சொன்னதும் வெளியே வரும். பிஜிபி சொல்லவே இல்லையென்றால் 600 விநாடியில் தானாக வெளியே வந்துவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

ஜூனோஸில் இதன் பெயர் ஓவர்லோட், கூடவே ஒரு டைம்அவுட் கொடுக்கலாம். எஃப்ஆர்ஆரில் ‘ஆன்-ஸ்டார்ட்டப்’ உடன் விநாடி எண்ணிக்கை தர வேண்டும்.

இரண்டு கோர்களிலும் இந்த வரியைப் போட்டு, அடுத்த பராமரிப்பு நேரத்தில் கோர்-1ஐ ரீலோட் செய்து பார்த்தார்கள். அக்-1இல் ஒரு பிங்கூட விழவில்லை. கோர்-1இன் ரவுட்டர்-எல்எஸ்ஏவை எடுத்துப் பார்த்தால் லிங்குக்கு லிங்க் 65535, லூப்பேக்குக்கு மட்டும் 1. எதிர்பார்த்தபடியே. எட்ஜ்-1இல் மட்டும் முன்பு எவ்வளவு நேரம் இணையம் போனதோ அவ்வளவு நேரம் மறுபடியும் போனது.

இந்த இடத்தில்தான் பலர் ‘கட்டளை வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். கட்டளை வேலை செய்தது. ஓஎஸ்பிஎஃபில் காஸ்ட் என்பது வெளியே போகும் திசைக்கு உரியது. 65535 என்று கோர்-1 போட்டுக்கொண்டது கோர்-1இலிருந்து வெளியே போகும் லிங்குகளுக்கு. எட்ஜ்-1இலிருந்து கோர்-1க்கு வரும் திசையின் காஸ்ட் எட்ஜ்-1இன் சொந்த எல்எஸ்ஏவில் இருக்கிறது. அது இன்னும் 10தான். கோர்-1ஐத் தாண்டிப் போக நினைப்பவருக்குத்தான் 65535 தடையாக நிற்கும். கோர்-1இலேயே முடிகிற பயணத்துக்கு அது கண்ணிலேயே படாது. டிஃபால்ட் வழியோ ஓஎஸ்பிஎஃபின் பார்வையில் கோர்-1இலேயே முடிகிற பயணம், ஏனென்றால் அதை அறிவித்தவர் கோர்-1. எட்ஜ்-1இன் கணக்கு மறுபடியும் 10 கூட்டல் 10, இருபது. டைப் 1க்குப் பதிலாக டைப் 2 என்று வைத்திருந்தாலும் இதே கதைதான்: இரண்டு கோர்களின் மெட்ரிக்கும் சமம், ஆகவே அறிவித்த ரவுட்டர் எவ்வளவு தூரம் என்பதை வைத்துத் தேர்வு, அதிலும் கோர்-1தான் பக்கம்.

அதே கட்டளையில் இதற்கென்றே ‘எக்ஸ்டர்னல்-எல்எஸ்ஏ’ என்ற சேர்க்கை உண்டு. அதைச் சேர்த்தால் அந்த ரவுட்டர் அறிவிக்கும் வெளி வழிகளின் மெட்ரிக்கும் 16711680 என்று ஏறிவிடும். வெளி எல்எஸ்ஏவின் மெட்ரிக் 24 பிட். எட்டாது என்று பொருள்படும் உச்ச எண் 16777215. 16711680 அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பது காரணத்தோடுதான்: வேறு வழியே இல்லாதபோது இதையாவது பயன்படுத்திக்கொள்ளலாம். இப்போது எட்ஜ்-1க்குக் கோர்-1இன் டிஃபால்ட் 16711690, கோர்-2இன் டிஃபால்ட் 30. ஏரியா பல இருந்தால் ‘சம்மரி-எல்எஸ்ஏ’ என்ற சேர்க்கையும் தேவைப்படும். இங்கே ஒரே ஏரியா என்பதால் தேவைப்படவில்லை.

‘ஆல்வேஸ்’ என்ற சொல்

மேக்ஸ்-மெட்ரிக் 600 விநாடியில் வெளியே வந்துவிடும் என்றேன் அல்லவா. பூட் ஆன பெட்டிக்கு அப்ஸ்ட்ரீமும் எழவில்லை, ஐபிஜிபியும் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். கான்ஃபிகரேஷனில் ஒரு எழுத்துப்பிழை போதும். பத்து நிமிடம் அடக்கமாக இருந்துவிட்டு, அதன்பின் காலி டேபிளோடு மெட்ரிக் 10க்கு டிஃபால்ட்டை அறிவிக்கும். அப்போது பழுது சில நிமிடத்தில் தானாகச் சரியாகாது. ‘ஆல்வேஸ்’ இருக்கும்வரை இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஆகவே டிஃபால்ட்டை நிபந்தனையோடு அறிவிக்கும்படி மாற்றினார்கள். ரூட்-மேப் ஒன்று, அதில் சொன்ன முன்னொட்டு ரவுட்டிங் டேபிளில் இருந்தால் மட்டும் டிஃபால்ட் வெளியே போகும். எந்த முன்னொட்டைக் கவனிப்பது என்பதில்தான் விவாதம் நீண்டது, நீண்டதும் நியாயமே. ஒரே ஒரு முன்னொட்டைக் கவனித்தால், உலகில் எங்கோ யாரோ அதைத் திரும்பப் பெறும் நாளில் இரண்டு கோர்களும் ஒரே நொடியில் டிஃபால்ட்டை நிறுத்திவிடும். எட்ஜ் முழுக்க இருட்டு. அதனால் வெவ்வேறு நிறுவனங்களுடைய, நீண்ட காலமாக ஆடாமல் இருக்கும் சில முன்னொட்டுகளை எடுத்து, ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று வைத்தார்கள். அந்த முன்னொட்டு ஐபிஜிபி வழியாக மற்ற கோரிடமிருந்து வந்தாலும் சரி என்றும் வைத்தார்கள். கோர்-1இன் அப்ஸ்ட்ரீம் போனாலும் கோர்-2இடம் அனுப்ப அதற்குத் தெரியும். அப்போது டிஃபால்ட்டை நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

நிபந்தனை வந்துவிட்டதே, மேக்ஸ்-மெட்ரிக் எதற்கு என்று கேட்கலாம். கவனிக்கும் முன்னொட்டு ஒன்பது இலட்சத்தில் முதல் ஆயிரத்திலேயே வந்துவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும், டேபிள் நிறைந்திருக்காது. பிஜிபி வந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு மேக்ஸ்-மெட்ரிக், பிஜிபி வராமலே போகும் நேரத்துக்கு நிபந்தனை.

இன்னொரு யோசனையும் மேசைக்கு வந்தது. கேட்க எளிதாக இருக்கும்: ஒவ்வொரு கோரிலும் மற்ற கோரை நோக்கி ஒரு ஸ்டாட்டிக் டிஃபால்ட் போட்டுவிட்டால், டேபிள் காலியாக இருக்கும்போது எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிடலாமே. பூட் நேரத்துக்கு அது வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. மற்ற நேரத்தில்தான் தலைவலி. இணையத்தில் எங்குமே அறிவிக்கப்படாத முகவரிக்குப் போகும் குப்பைப் பாக்கெட் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கோர்-1க்கு அதற்கு வழி தெரியாது, டிஃபால்ட்டின்படி கோர்-2க்கு அனுப்பும். கோர்-2க்கும் தெரியாது, திருப்பி அனுப்பும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் தாண்டக்கூடிய ஹாப்களின் எண்ணிக்கை) தீரும்வரை பந்தாட்டம். ஒரு பாக்கெட் அந்த 10 ஜி லிங்கில் பல பத்து தடவை ஓடும். ஸ்கேன் ஒன்று வந்தால் போதும், லிங்க் நிரம்பிவிடும். இதை நிராகரித்தது சரியே. கோர்களை டிஃபால்ட் இல்லாமல் வைத்திருந்தவர் முதலிலேயே இதை யோசித்திருக்கிறார்.

சோதனைக்கூடம் ஏமாற்றியது

இரண்டாவது மாற்றத்தை நேரடி வலையமைப்பில் போடுவதற்கு முன் மெய்நிகர் ரவுட்டர்களில் அதே அமைப்பைக் கட்டிப் பழுதை வரவழைக்கப் பார்த்தார்கள். வரவில்லை. பழைய கான்ஃபிகரேஷனோடு ரீலோட் செய்தாலும் ஒன்றிரண்டு பிங்தான் தவறியது. சோதனைக்கூடத்தின் அப்ஸ்ட்ரீம் விரல்விட்டு எண்ணக்கூடிய முன்னொட்டுகளை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தது. பிஜிபி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. எக்ஸாபிஜிபி என்ற மென்பொருள் மூலம் முழு டேபிள் அளவுக்கு முன்னொட்டுகளை ஊற்றிய பிறகுதான் பழுது அச்சுஅசலாக வந்தது. லேபில் சரியாக இருக்கிறது என்று சொல்பவரிடம் டேபிள் எவ்வளவு பெரியது என்று கேட்பது என் வழக்கம்.

எல்லாம் சரியான பிறகும் எட்ஜ்-1இல் சில ரீலோட்களில் ஓரிரு பாக்கெட் தவறியது. துரத்த வேண்டிய அளவு இல்லை, ஆனால் காரணம் சுவையானது. ரவுட்டர் அணைந்தாலும் அது முன்பு வெளியிட்ட எல்எஸ்ஏக்கள் மற்றவர்களின் தரவுத்தளத்தில் 3600 விநாடி வரை இருக்கும். அறிவித்தவரை எட்ட முடியாததால் யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். கோர்-1 திரும்பி வந்து எட்டக்கூடியது ஆனதும், போன பிறவியின் மெட்ரிக் 10 டிஃபால்ட்டும் கூடவே உயிர்பெறுகிறது. கோர்-1 தன் பழைய எல்எஸ்ஏவை நெய்பர்களிடம் பார்த்து, அதைவிடப் பெரிய வரிசை எண்ணோடு புதியதை வெளியிடும்வரை, அல்லது வயதை உச்சத்துக்கு ஏற்றி அழிக்கும்வரை, ஒரு சின்ன இடுக்கு. திட்டமிட்ட ரீலோட்டில் இதையும் தவிர்க்கலாம்: அணைப்பதற்கு முன்பே கையால் மேக்ஸ்-மெட்ரிக்கைப் போட்டு, ட்ராஃபிக் வடிந்ததைப் பார்த்துவிட்டு அணைத்தால், தரவுத்தளத்தில் தங்குவதே பெரிய மெட்ரிக் கொண்ட எல்எஸ்ஏவாக இருக்கும்.

அதையே இப்போது வழிமுறையாக்கியிருக்கிறார்கள். திட்டமிட்ட வேலைக்கு ‘ஆன்-ஸ்டார்ட்டப்’ இல்லாத மேக்ஸ்-மெட்ரிக்கைப் போட்டுச் சேமித்துவிட்டு ரீலோட். பெட்டி வந்தபின் பிஜிபி எண்ணிக்கையையும் வன்பொருள் டேபிளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையால் எடுப்பது. அப்ஸ்ட்ரீம் பக்கம், ஆர்எஃப்சி 8326 சொல்லும் 65535:0 கம்யூனிட்டியை (விலகப்போகிறேன் என்று வழிகளோடு அனுப்பும் குறியை) மதிக்கும் நெய்பர் என்றால் அதையும் முன்கூட்டியே அனுப்புவது. திட்டமிடாத ரீலோட்டுக்குத்தான் ‘வெயிட்-ஃபார்-பிஜிபி’.

நான் பொதுவாக ‘வெயிட்-ஃபார்-பிஜிபி’யைவிட அளந்து வைத்த விநாடி எண்ணிக்கையையே விரும்புவேன். பிஜிபி முடித்துவிட்டதாகச் சொல்வது மென்பொருளின் சொல். லைன் கார்டு எழுதி முடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எஃப்ஆர்ஆரில் வன்பொருளில் ஏறாத வழியை நெய்பருக்கு அறிவிக்காமல் வைக்க ‘பிஜிபி சப்ரெஸ்-ஃபிப்-பெண்டிங்’ இருக்கிறது; இங்கிருந்த பெட்டிகளில் அந்த வசதி இல்லை. ஆனால் இந்த வலையமைப்பில் எண்ணிக்கையை நீட்டி வைத்தால் அக்-1இன் ட்ராஃபிக் அத்தனை நேரமும் அந்த ஒல்லியான 1 ஜி லிங்கில் நெருக்கியடிக்க வேண்டும். பகலில் ரீலோட் ஆனால் காலி டேபிளைவிட நெரிசல் பெரிய வலியாகிவிடும். அதனால் 1 ஜி லிங்கை மாற்றும்வரை ‘வெயிட்-ஃபார்-பிஜிபி’ இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

கண்காணிப்பில் இரண்டு மாற்றம். எட்ஜ்-1, எட்ஜ்-2 இரண்டின் பின்னாலிருந்தும் டிஃபால்ட் வழியாக வெளி முகவரிகளுக்குச் சோதனை. லூப்பேக் பிங் கூடவே ஓடும், ஆனால் அதன் பச்சையை இனி யாரும் சேவையின் பச்சையாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, எந்த ரவுட்டரின் எல்எஸ்ஏவிலாவது 65535 அரைமணிக்கு மேல் நின்றால் எச்சரிக்கை. கையால் போட்டதைக் கையால் எடுக்க மறப்பது நிச்சயம் நடக்கும். மறந்தால் பாதி வலையமைப்பு காலியாக நிற்கும், எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும்.

மிச்சம் இருந்தது ஐபிவி6. ஓஎஸ்பிஎஃப்வி3 தனி ப்ராசஸ், தனி கான்ஃபிகரேஷன். வி2இல் போட்ட ஒரு வரிகூட அங்கே தானாக வராது. திறந்து பார்த்தால் அங்கேயும் அதே ‘ஆல்வேஸ்’, அதே மெட்ரிக் 10. ஐபிவி4இன் பழுது தெரிந்தபோதெல்லாம் ஐபிவி6உம் கூடவே விழுந்திருக்கிறது. சோதித்தவர்கள் ஐபிவி4 முகவரிகளை மட்டும் பிங் செய்துகொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. வி3இல் ரவுட்டர்-எல்எஸ்ஏவின் ஆர் பிட்டை அணைத்தால் ஊடாகப் போவதையே முழுக்கத் தடுக்கலாம். 65535 போலக் கடைசி வழியாகக்கூட யாரும் வரமாட்டார்கள். ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு நெறிமுறையின் ஓவர்லோட் பிட்டும் அந்த ரகம்தான். இங்கே அதை எடுக்கவில்லை. கோர்-2உம் இல்லாத நேரத்தில் கோர்-1 ரீலோட் ஆனால் பாதி நிறைந்த டேபிளாவது பயன்படட்டும் என்று வி3இலும் பெரிய மெட்ரிக் முறையையே போட்டு, கவனிக்கும் முன்னொட்டுகளை மட்டும் ஐபிவி6க்கு வேறாகத் தேர்ந்தெடுத்து முடித்தார்கள்.